உள்ளிழுக்கும் சுரங்கள்

வாயால் வாசிக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒருவழிப் பாதைகள். புல்லாங்குழலும் நாகசுரமும் டிரம்பெட்டும் வாசிப்பவரிடம் மூச்சை வாங்கிக்கொள்ளுமே தவிர, திருப்பிக் கொடுப்பதில்லை. மவுத் ஆர்கன் கொடுக்கல் வாங்கல் உள்ள கருவி. பத்துத் துளை கொண்ட சாதாரண மவுத் ஆர்கனில் இருபது ரீடுகள், அதாவது அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடுகள், இருக்கும். பத்து ஊதும்போது பேசும், பத்து இழுக்கும்போது பேசும். நடு ஸ்தாயியை வாசித்துப் பார்த்தால் தெரியும்: ச ஊத வேண்டும், ரி இழுக்க வேண்டும், க ஊத, ம இழுக்க, ப ஊத, த இழுக்க, அடுத்து வரும் நி-யும் இழுப்புதான். ஆக, ஏழு சுரங்களில் நான்கு மூச்சு உள்ளே போகும்போது பிறக்கின்றன. சீனத்து ஷெங் போன்ற ஒன்றிரண்டை விட்டால், வாசிப்பவரின் நுரையீரலுக்குள்ளும் காற்றை அனுப்பும் வாய்க்கருவியைக் காண்பது அரிது.

இதனால் இசைக்குக் கிடைத்த லாபம் பெரியது. அமெரிக்கக் கறுப்பினத்து ப்ளூஸ் கலைஞர்கள் ‘சி’ சுருதிக் கருவியை வைத்துக்கொண்டு ‘ஜி’ சுருதியில் வாசித்தார்கள். அப்படி வாசித்தால் முக்கியமான சுரங்கள் இழுப்பில் வந்து விழும். தாழ்ந்த துளைகளில் இழுக்கும் சுரத்தைத்தான் வளைக்கலாம், குழையவிடலாம், அழவைக்கலாம். அவர்களில் ஒருவரான லிட்டில் வால்டரின் வாசிப்பில் கேட்கும் விம்மலில் பெரும்பங்கு உள்ளே போகும் மூச்சுக்குரியது. ஆனால் அதே மூச்சோடு வேறு சிலவும் உள்ளே போகும். போன வாரம் ஊதியபோது அங்கே தங்கிவிட்ட ஈரம் என்னவாக மாறியிருக்கிறதோ, அதன் வழியாகத்தான் இந்த வார ரி-யும் ம-வும் வர வேண்டும். மவுத் ஆர்கனைச் சுத்தம் செய்வது பற்றிய எல்லாப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நம் பேச்சு பெரும்பாலும் வேறு இடத்தில் தொடங்குகிறது. எச்சில் நமக்குப் பெரிய விஷயம். தம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து குடிக்கப் பழகியவர்கள் நாம். யார் எச்சில் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்ற கணக்குக்குள் சாதியும் உறவும் ஒளிந்திருப்பதும் நமக்குத் தெரியும். இசைக்கருவிக் கடையில் மவுத் ஆர்கனை எடுத்து வாயருகே கொண்டுபோனால் கடைக்காரர் பதறிவிடுவார். “வாயில வெச்சா எடுத்துக்கணும் சார்” என்பார். நல்ல கடையாக இருந்தால் சின்னத் துருத்தி ஒன்றில் பொருத்தி, எல்லா ரீடும் பேசுகிறதா என்று காட்டுவார். ‘ஷோலே’ (1975) படத்தில் அமிதாப் பச்சனின் உதட்டில் மவுத் ஆர்கன் இருக்கும். அந்த மெட்டு பானு குப்தாவின் மூச்சில் வந்தது. ஒரு கருவிக்கு இரண்டு வாய் என்பதைத் திரையில் ரசிப்போம். கையில் கொடுத்தால் சட்டை நுனியில் நான்கு முறை துடைப்போம்.

சட்டை நுனியால் துடைத்தால் போதும் என்றுதான் உலகமும் ஒரு காலத்தில் நினைத்தது. 1847இல் வியன்னா பொதுமருத்துவமனையில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், பிரசவ அறைக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியாக வேண்டும் என்றார். அதே 1847இல்தான் ஜெர்மனியின் கிளிங்கன்தால் ஊரில் சைடல் மவுத் ஆர்கன் நிறுவனம் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, ட்ராஸிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் தொழிலில் இறங்கினார். முதல் ஆண்டில் அவர் செய்தவை 650 கருவிகள் என்பார்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோஹ் 1882இல் அறிவிக்கும்போது மவுத் ஆர்கன் கடல் தாண்டிப் போயிருந்தது. சட்டைப் பையில் கிடந்து, கைமாறி, வாய்மாறிப் பரவிய கருவி அது. கிருமி பற்றிய அறிவு வந்த பிறகும் அச்சம் ஒரு திசையிலேயே நின்றுவிட்டது: அடுத்தவர் வாய்.

அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சளி, சில வகைக் காய்ச்சல், உதட்டுக் கொப்புளம் எல்லாம் எச்சில் வழியே பரவக்கூடியவை. கருவியை வாய்மாற்றாமல் இருப்பதே நல்லது. ஆனால் இன்னொரு திசையும் உண்டு என்பதை ஒரு பேக்பைப் கலைஞரின் கதை காட்டிக்கொடுத்தது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 2016இல் ‘தோராக்ஸ்’ ஆய்விதழில் எழுதிய நோயாளி அவர். தினமும் பேக்பைப் வாசிப்பவர். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலுமாக வந்தவருக்கு, 2009இல் நுரையீரலின் ஒவ்வாமை அழற்சி என்று கண்டறிந்தார்கள். மருந்து கொடுத்தும் நோய் முற்றியது. 2011இல் மூன்று மாதம் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது மட்டும் அவருக்கு நன்றாக இருந்தது. பைப்பை அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். பிறகு அதன் உட்பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். பல வகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. 2014இல், 61 வயதில் அவர் இறந்துபோனார். அவர் வாசித்தது அவருடைய கருவி. அதில் ஊறியிருந்தது அவருடைய ஈரம்.

பேக்பைப்பின் பை எப்போதும் மூடிக் கிடப்பது. மவுத் ஆர்கனின் அறைகள் சிறியவை, திறந்தவை, விரைவில் காயக்கூடியவை. இந்தக் கதையைக் கேட்டுப் பயந்து யாரும் மவுத் ஆர்கனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்புள்ளவர்களுக்கு மூச்சுப் பயிற்சியாக மவுத் ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டமே அமெரிக்காவில் நடக்கிறது. ஆனால் பாடம் பொதுவானது. மவுத் ஆர்கனுக்குள் சேரும் தண்ணீரில் பெரும்பகுதி உமிழ்நீர்கூட இல்லை. உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து வரும் மூச்சு குளிர்ந்த பித்தளையில் பட்டுப் பனிக்கிறது. வாசிப்பதற்கு முன் கருவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துச் சூடேற்றினால் இந்தப் பனிப்பு குறையும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்க உள்ளங்கையில் தட்டி, பெட்டியை மூடாமல் காற்றாட விட்டால் மிச்சமும் போய்விடும். பூஞ்சைக்குப் பிடித்தது இருட்டு, ஈரம், கொஞ்சம் சோறு. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் முதல் இரண்டும் இருக்கும். முறுக்கையோ பால் டீயையோ முடித்த வாயோடு ஊதுபவர் மூன்றாவதையும் அனுப்பிவிடுகிறார். வாயைக் கொப்பளித்துவிட்டு வாசிப்பது கருவியைக் கழுவுவதில் பாதி வேலை.

பரணில் கிடந்த ஒரு பழைய ஹோனர் மரைன் பேண்டைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1896இல் வந்த மாதிரி அது; திருகாணி இல்லாமல், குண்டூசி போன்ற சின்ன ஆணிகளால் அடித்திருப்பார்கள். மெல்லிய கத்தி முனையை இடுக்கில் நுழைத்து மேல்மூடியை நெம்பி எடுத்தபோது முதலில் வந்தது வாசனை: துருவும் பழைய துணியும் கலந்தது போல ஒன்று. நடுவில் காற்றறைகளைப் பிரிக்கும் பேரிமரச் சீப்பின் பற்கள் கறுத்திருந்தன. ஓரங்களில் வார்னிஷ் போலக் காய்ந்த படலம். பித்தளைத் தட்டில், ரீடை முடுக்கியிருக்கும் ஆணித்தலைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஊமையாகிப் போயிருந்த ஓர் இழுப்பு ரீடை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது அதன் பிளவில் ஒரே ஒரு நூல் இழை தெரிந்தது; ஏதோ சட்டைப் பையின் பஞ்சு. இழுப்பு ரீடுகள் கீழ்த்தட்டின் வெளிப்பக்கம் இருப்பவை. இழுக்கும்போது காற்று பின்புறமாக, பொத்திய உள்ளங்கைக்குள்ளிருந்து புறப்பட்டு, ரீடைக் கடந்து, ஈரமான அறை வழியாக வாய்க்கு வருகிறது. வாய் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை அந்த நூலிழை சொன்னது.

பித்தளையைக் கண்டதும் தமிழ்க்கை புளியைத் தேடும். குத்துவிளக்கும் குடமும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது நாம் பார்த்து வளர்ந்த காட்சி. ரீடிடம் அந்த வித்தை செல்லாது. ரீடு என்பது ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள மெல்லிய தகடு. அதன் கனமும் விறைப்பும்தான் அதன் சுருதி. நுனியில் கொஞ்சம் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்ப்பவர்கள் செய்வதும் இதுதான். ஆகவே பற்பசையோ விளக்குப்பொடியோ போட்டுத் தேய்ப்பவர் தம்மை அறியாமல் சுருதியை மாற்றிக்கொண்டிருக்கிறார். புளி, எலுமிச்சை, வினிகர் ஆகிய புளிப்புகளில் நெடுநேரம் ஊறவைத்தால் களிம்போடு பித்தளையும் கொஞ்சம் கரையும். மென்மையான பல்துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். தேய்க்கும் திசை முக்கியம்: ஆணியடித்த முனையிலிருந்து சுதந்திரமான நுனி நோக்கி. குறுக்கே போனால் ரீடு பிளவிலிருந்து விலகி உரசும். எதிராக இழுத்தால் மடங்கும்.

வீட்டிலிருக்கும் மற்ற பாட்டில்களை எடுப்பதற்கு முன் ஒரு பழைய கதையை நினைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணமில்லாமல் விரிசல்விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தவை அவை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும், உறையைச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து பித்தளையை உடைத்தன என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் இருப்பது அதே அமோனியா. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நிமிரும் ரீடுக்கு அது ஆகாது. பிளீச்சிங் பவுடரின் குளோரினும் பித்தளையை அரிக்கும். செம்மல்வெய்ஸ் கைக்குச் சொன்ன மருந்து கருவிக்குப் பொருந்தவில்லை. டெட்டால் போன்றவற்றின் வாசனை மரத்தில் ஏறினால் எளிதில் இறங்காது. அடுத்த ரி-யோடு அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

மிஞ்சுவது ஆல்கஹால். அதிலும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் வீரியமானதுதானே என்று தோன்றும். ஆனால் கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும், தண்ணீர் சேர்ந்தால்தான் உடனே ஆவியாகாமல் கொஞ்ச நேரம் நனைத்து நிற்கவும் செய்யும். சும்மா தெளித்துத் துடைப்பதில் பயனில்லை. மேற்பரப்பு அரை நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பிறகு முழுக்க ஆவியாகும்வரை வாயில் வைக்கக் கூடாது. அடுப்பங்கரையில் வைத்துச் செய்யவும் கூடாது. மருந்துக்கடையில் ‘ஸ்பிரிட்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளைப் படித்தாக வேண்டும். குடிக்க முடியாதபடி செய்வதற்காக மெத்தனால் சேர்த்த ஸ்பிரிட்டும் உண்டு. மெத்தனால் என்ன செய்யும் என்பதை, 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆல்கஹாலுக்கும் எல்லை இருக்கிறது: பூஞ்சை, பாக்டீரியாக்களின் வித்துகள் பல அதற்கு மசியாது; அக்ரிலிக் பிளாஸ்டிக் அதில் நுண்விரிசல் விடும்; மரச்சீப்பின் மேல்பூச்சு கரையும்.

மரச்சீப்பின் சங்கடம் தனி. பழைய ப்ளூஸ்காரர்கள் கருவியைத் தண்ணீரிலும் சில சமயம் பீரிலும் முக்கி எடுத்து வாசித்தார்கள். மரம் ஊதி இடுக்குகள் அடைபடும், காற்று கசியாது, சத்தம் ஓங்கும். விலையும் கொடுத்தார்கள்: ஊதிய பற்கள் துருத்திக்கொண்டு உதட்டைக் கிழித்தன, பிளேடால் சீவிவிட வேண்டியிருந்தது, காய்ந்ததும் மரம் வெடித்தது. பிளாஸ்டிக் சீப்புள்ள கருவியைக் குழாயடியில் தைரியமாக அலசலாம், மரத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். கொதிக்கும் தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது: மரம் முறுக்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். கொரோனா காலத்தில் புற ஊதாக் கதிர்ப் பெட்டிகள் விற்றன. ஆனால் ஒளி நேர்க்கோட்டில் போகும். ரீடின் அடிப்பக்கத்துக்கும் அறையின் கடைசி மூலைக்கும் அது திரும்பிப் போகாது.

மருத்துவமனைகளில் ஒரு வரிசை முறை உண்டு. ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்தது. ரத்தத்துக்குள் போகும் கருவி, வாய் மூக்கு போன்ற ஈரத்தோலைத் தொடும் கருவி, வெறும் தோலைத் தொடும் கருவி என்று மூன்று படி. அந்தக் கணக்கில் மவுத் ஆர்கன் நடுப்படியில் இருக்கிறது. அந்தப் படிக்கு மருத்துவமனை பயன்படுத்தும் குளூட்டரால்டிஹைடு போன்றவற்றின் ஆவியே நுரையீரலுக்குக் கேடு. இழுத்து வாசிக்கும் கருவியில் அதைத் தடவ முடியாது. ஆனால் அங்கிருந்து நாம் வாங்கிக்கொள்ளக் கூடிய விதி ஒன்று உண்டு: முதலில் அழுக்கை எடு, பிறகு கிருமியைக் கொல். காய்ந்த எச்சில் படலத்தின் மேல் ஊற்றும் ஆல்கஹால் படலத்தோடுதான் மல்லுக்கட்டும். கிருமிகள் அடியில் பத்திரமாக இருக்கும். பிரஷ் செய்யாத வேலையைப் பாட்டில் செய்யாது.

பித்தளைக்கே கிருமி கொல்லும் குணம் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். செம்பு மிகுந்த உலோகக்கலவைகள் பாக்டீரியாவைக் கொல்லும் என்று விளம்பரப்படுத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் அனுமதித்தது. 2020இல் வந்த ஆய்வொன்றில், கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் மூன்று நாள்வரை தாங்கியது, செம்பில் நான்கு மணி நேரத்துக்குள் செயலிழந்தது. செப்புக் குடத்துத் தண்ணீரை நம்புகிறவர்களுக்கு இது இனிக்கும் செய்தி. ஆனால் உதடு படுவது பளபளக்கும் எஃகு மூடியிலும் பிளாஸ்டிக் சீப்பிலும்தான். பித்தளை உள்ளே இருக்கிறது, அதுவும் படலம் பூசிக்கொண்டு. உலோகத்தின் நற்குணம் வெளிப்பட வேண்டுமானால் அதன் முகம் துலக்கமாக இருக்க வேண்டும்.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்தைச் சொல்ல எடுத்துக்கொண்ட உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து யாரோ பூசிய அழுக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது, செம்போடு கூடவே இருப்பது என்பது அவர்கள் வாதம். வேதியியல் இதை ஒப்புக்கொள்ளாது. காற்றும் ஈரமும் புளிப்பும் இல்லாவிட்டால் களிம்பு இல்லை. ஆனால் மவுத் ஆர்கனைத் திறந்து பார்த்தவருக்குச் சித்தாந்திகள் சொன்னதில் ஒரு பாதி விளங்கிவிடும். அங்கே இருக்கும் காற்றும் ஈரமும் புளிப்பும் பெரும்பாலும் சொந்தக்காரருடையவை.

ஆகவே என் முடிவு இது. கருவியை அடுத்தவரிடமிருந்து வாங்க நேர்ந்தால், அது பழைய கருவியாகவோ இறந்துபோன தாத்தாவின் கருவியாகவோ இருந்தால், அஞ்ச வேண்டாம்: கழற்றி, அலசி (மரச்சீப்பை மட்டும் ஈரத்துணியால் துடைத்து), உலோகப் பகுதிகளை ஆல்கஹாலில் நனைத்து, ஒருநாள் காயவிட்டால் எடுத்து வாசிக்கலாம். மரச்சீப்பில் பூஞ்சை ஏறியிருந்தால் மட்டும் சீப்பை மாற்றிவிட வேண்டும். வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துப் பெயர் எழுதிவிடுவதுதான் சரி. இடைவேளையில் துடைத்துக் கைமாற்றுவது எந்த மருந்தாலும் பாதுகாப்பாகாது. அடுத்தவர் எச்சில் நம்மை எச்சரிக்கையாக்கிவிடுகிறது, அதனால் அதை நாம் நன்றாகவே சமாளிப்போம். நம் எச்சில் நமக்கு அருவருப்பாக இருப்பதில்லை. ஆபத்து அந்தச் சலுகையில்தான் இருக்கிறது. தினமும் கொப்பளித்து, தட்டி, திறந்து வைப்பதற்கு எந்தக் கடையிலும் எதையும் வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே அது விட்டுப்போகிறது.